உழாத நிலத்தில் விதைக்க டைன் டிரில்லா, டிஸ்க் பிளாண்டரா? அமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

#1 களிமண்_வயல்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த பருவத்திலிருந்து உழவை நிறுத்திவிட்டு, தாளோடு விதைப்பது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். நிலத்தில் பெரும்பகுதி களிமண். ஓரமாக ஒரு துண்டு மட்டும் மணற்பாங்கு. கோதுமைத் தாளில் மக்காச்சோளம், மக்காச்சோளத் தட்டையில் மறுபடி கோதுமை, நடுவே இடம் கிடைத்தால் ஒரு பயறு. டிராக்டர் 50 குதிரைத்திறன்.

இரண்டு கருவிகள் பேச்சில் இருக்கின்றன. ஒன்று, 20 செ.மீ. இடைவெளியில் ஒன்பது கொழு (டைன்) உள்ள சீட் டிரில். கொழு தலைகீழ் டி வடிவம். இன்னொன்று மண்ணைக் கீற இரட்டை டிஸ்க் (வட்டத் தகடு) வைத்த நான்கு வரிசைப் பிளாண்டர். பழையது, ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் கோல்ட்டர் (தாளையும் மண்ணையும் முன்கூட்டியே கீறும் தனித் தகடு) இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. எதை எடுக்கலாம், எடுத்தபின் எதிலிருந்து சரிசெய்யத் தொடங்கலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 தாள்மேல்_விதை

தம்பி, கருவிக்குப் போகுமுன் ஒன்று சொல்லுங்கள். கோதுமை அறுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் வைக்கோலும் பதரும் எப்படி விழுகின்றன? வெட்டும் அகலம் முழுக்கப் பரவுகிறதா, நடுவில் ஒரு பட்டையாகக் குவிகிறதா?

இதை முதலில் கேட்கக் காரணம் இருக்கிறது. உழுகிற நிலத்தில் அந்தக் குவியலைக் கலப்பை மண்ணுக்குள் புரட்டி மறைத்துவிடும். உழாத நிலத்தில் அது அப்படியே கிடக்கும். அந்தப் பட்டைக்கு அடியில் மண் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும், பட்டைக்கு வெளியே காய்ந்து இறுகியிருக்கும். ஒரே கருவி ஒரே அமைப்போடு இரண்டிலும் சரியாக விதைக்காது. வயலில் பயிர் கோடு கோடாக மெலிந்து நிற்பதைப் பார்த்தால் பலர் விதைப்புக் கருவியைத்தான் குறை சொல்கிறார்கள். அந்தக் கோடுகளின் இடைவெளியை அளந்து பாருங்கள், பெரும்பாலும் அறுவடை இயந்திரத்தின் அகலம்தான் வரும்.

அதனால் விதைப்பின் முதல் வேலை முந்தைய அறுவடையிலேயே இருக்கிறது. வைக்கோல் பரப்பியோடு பதர் பரப்பியும் வேலை செய்ய வேண்டும். இரண்டும் வேறு வேறு. வைக்கோலைப் பரப்பிவிட்டுப் பதரை மட்டும் நடுவில் கொட்டும் இயந்திரங்கள் நிறைய உண்டு, அந்தப் பதர்தான் மெத்தை மாதிரி படிந்து தொல்லை தரும். அறுவடை வாடகைக்கு என்றால், இயந்திரம் வயலில் இறங்குமுன் இதைப் பேசிவிடுங்கள்.

தாளை எவ்வளவு உயரத்தில் விடுவது என்பது நீங்கள் எடுக்கும் கருவியைப் பொறுத்தது. டிஸ்க் என்றால் உயரமாக விடுங்கள். வேரோடு நிற்கிற தாள் டிஸ்க்குக்கு இடைஞ்சலே இல்லை, வெட்டிப் போட்ட தளர்வான வைக்கோல்தான் இடைஞ்சல். டைன் என்றால் தாளின் உயரம் வரிசை இடைவெளிக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு பழைய கணக்கு உண்டு. உங்கள் டிரில்லுக்கு அது 20 செ.மீ.

#3 மேட்டுநிலம்

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கேட்டவர் எந்தக் கருவி என்று கேட்டிருக்கிறார். நான் டைன் பக்கம்.

கெட்டி மண்ணில் கொழு தானாகவே உள்ளே இறங்கும், அதன் கோணமே அதைக் கீழே இழுக்கும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது. எடை கொடுத்துத்தான் இறக்க வேண்டும். நான்கு வரிசைப் பிளாண்டரில் அந்த எடையைச் சட்டத்தின்மேல் ஏற்றினால், 50 குதிரைத்திறன் டிராக்டர் மூன்று முனை இணைப்பில் அதைத் தூக்கும்போது முன்சக்கரம் லேசாகிவிடும். முன்னால் எடைக்கட்டிகள் தேவைப்படும். டைன் டிரில்லில் பேரிங் குறைவு, தேய்கிற பாகம் கொழு முனை ஒன்றுதான். வெல்டிங் தெரிந்த யாரும் சரிசெய்துவிடலாம்.

தலைகீழ் டி கொழுவுக்கு இன்னொரு நன்மை. மேலே குறுகலாகக் கீறி, அடியில் இரண்டு பக்கமும் விரித்துவிடும். விதை அந்த விரிந்த அடியில் போய் உட்காரும், மேலே வாய் சிறியதாக இருப்பதால் ஈரம் சீக்கிரம் போகாது. நியூசிலாந்தில் மேய்ச்சல் புல் விதைப்பதற்காக உருவான வடிவம் இது. 1980-களின் கடைசியில் அது இந்தியாவுக்கு வந்து, பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் டிரில்லாக மாறி, நெல் அறுத்த நிலத்தில் கோதுமை விதைக்கப் பரவியது. எளிமையான கருவிதான், நன்றாக உழைக்கும்.

#4 தாள்மேல்_விதை

மேட்டுநிலம் ஐயா சொன்ன நன்மைகளில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் தயக்கம் ஒரே இடத்தில். அவர் வயலில் தளர்வான வைக்கோல் எவ்வளவு கிடக்கும்? நெல்லோ கோதுமையோ நல்ல விளைச்சல் கொடுத்து, வைக்கோல் முழுவதும் வயலிலேயே கிடந்தால், வெறும் டைன் டிரில் சீப்பாக மாறி அதை வாரிக்கொண்டு போகும். நூறடிக்கு ஒரு முறை நிறுத்தித் தூக்கி உதற வேண்டியிருக்கும். உதறிய இடத்தில் ஒரு குவியல், அதனடியில் முளைப்பே இருக்காது.

அதற்காகத்தான் ஹாப்பி சீடர் மாதிரியான கருவிகள் வந்தன. ஒவ்வொரு கொழுவுக்கும் முன்னால் சுழலும் கத்திகள் வைக்கோலை அடித்துப் பின்னால் தள்ளும், கொழு சுத்தமான மண்ணில் இறங்கும், வைக்கோல் விதைத்த வரிசைக்குமேல் மூடாக்காக விழும். பஞ்சாபில் வைக்கோல் எரிப்பதைத் தவிர்க்கவே, லூதியானா வேளாண் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியப் பொறியாளர்களும் சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார்கள். ஆனால் அது பி.டி.ஓ.வில், அதாவது டிராக்டர் எஞ்சினின் சுழல்விசையைக் கருவிக்குக் கொடுக்கும் தண்டில், ஓடுவது. ஒன்பது வரிசைக்கு 50 குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய கீழ் எல்லை. காலைப் பனியில் வைக்கோல் நமத்திருக்கும்போது ஓட்டினால் சுமை இன்னும் கூடும்.

டிஸ்க்கில் வேறு தொல்லை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. வைக்கோல் ஈரமாகவும் அடிமண் மிருதுவாகவும் இருந்தால், டிஸ்க் அதை வெட்டாது. மடித்துச் சாலுக்குள் (விதை விழும் கீறலுக்குள்) திணிக்கும். விதை மண்ணைத் தொடாமல் வைக்கோல் மடிப்பில் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் வரிசை அழகாகத் தெரியும், தோண்டினால்தான் விஷயம் புரியும். கூர்மையான தகடு, காய்ந்த வைக்கோல், அடியில் வெட்டுப்பலகை மாதிரி கொஞ்சம் உறுதியான மண், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வெட்டு விழும். காலையில் திணிக்கிற அதே கருவி மதியத்துக்குமேல் சுத்தமாக வெட்டும். எனவே டிஸ்க் வைத்திருப்பவர் அதிகாலையில் வயலில் இறங்க அவசரப்படக் கூடாது.

#5 பட்டறை

நான் கருவிகள் பழுதுபார்ப்பவன். எதை எடுப்பது என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பழைய பிளாண்டரை எடுப்பதாக இருந்தால், பணம் கொடுக்குமுன் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் வரிசைப் பகுதியின் பின்முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால், சட்டத்தோடு இணைக்கும் இணைக்கைகளின் புஷ்கள் தேய்ந்திருக்கின்றன. உழாத நிலத்தில் கருவி வாங்கும் அடி அதிகம். புஷ் போன கருவியில் விதை இடைவெளியும் நிற்காது, ஆழமும் நிற்காது.

அடுத்தது டிஸ்க். 15 அங்குலத் தகடு 14.5 அங்குலமாகத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். அரை அங்குலம்தானே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு தகடுகளும் முன்புறம் கீழே ஒன்றையொன்று தொட வேண்டும். தேயத் தேய அந்தத் தொடுகை போய்விடும். அப்போது இரண்டும் தனித்தனியாகக் கீறி, சாலின் அடியில் நடுவே ஒரு சின்ன மேட்டை விட்டுவிடும். விதை சில இடத்தில் மேட்டின்மேல் நிற்கும், சில இடத்தில் பக்கத்துப் பள்ளத்தில் கிடக்கும். சோதிக்க, தடித்த அட்டைத் துண்டு இரண்டு போதும். ஒன்றை மேலிருந்தும் ஒன்றைக் கீழிருந்தும் தகடுகளுக்கிடையே செருகுங்கள். இரண்டும் நிற்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்தான் தொடுகை. சுமார் 4 முதல் 6 செ.மீ. இருக்கட்டும். தகடு இன்னும் பெரிதாகவே இருந்து தொடுகை மட்டும் குறைந்திருந்தால், உள்ளே இருக்கும் வாஷரை எடுத்து நெருக்கிக்கொள்ளலாம்.

விதை ஆழத்தைக் கட்டுப்படுத்தும் ஆழச் சக்கரம் தகட்டை உரசியபடியே ஓட வேண்டும். இடைவெளி இருந்தால் மண்ணும் தாளும் புகுந்து சக்கரத்தைத் தூக்கும், சாலின் பக்கச்சுவரும் உதிர்ந்து விதைக்கு முன்னால் உள்ளே விழும். டிஸ்க் பேரிங்கை கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள்.

கடைசியாக, கெட்டித் தரையில் கருவியை இறக்கிக் கொஞ்ச தூரம் இழுங்கள். டிஸ்க் போட்ட கோடு, பின்னால் சால் மூடும் இரண்டு சக்கரங்களின் தடத்துக்குச் சரியாக நடுவில் போக வேண்டும். ஒதுங்கிப் போனால் ஒரு பக்கச் சுவர் மட்டும் மூடும்.

#6 களிமண்_வயல்

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு மிக்க நன்றி. எங்கள் அறுவடை வாடகை இயந்திரத்தில்தான். வைக்கோல் பரவுகிறது, பதர் நடுவில்தான் விழுகிறது. பேசிப் பார்க்கிறேன்.

பிளாண்டரின் கோல்ட்டர்களைப் பற்றி ஒரு சந்தேகம். விற்பவர் அதுதான் இந்தக் கருவியின் சிறப்பு, அது இல்லாமல் உழாத நிலத்தில் ஓடாது என்கிறார். உண்மையா?

#7 விதைப்பெட்டி

இல்லை தம்பி. எங்கள் வீட்டில் விதைப்பை நான்தான் பார்க்கிறேன், எங்களுடையதும் களிமண். கோல்ட்டரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறோம்.

1966-ல் அல்லிஸ் சால்மர்ஸ் நிறுவனம் உழாத நிலத்துக்கென்று பிளாண்டர் கொண்டுவந்தபோது அலை அலையான கோல்ட்டர்தான் அதன் உயிர். அன்றைய டிஸ்க்குகள் தாங்களாக வெட்டி இறங்குகிற அளவுக்கு இல்லை. அதனால் முன்னால் ஒரு கோடு மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் அப்படியே தொடர்ந்தது. இரட்டை டிஸ்க் கூர்மையாகவும் போதிய அழுத்தத்தோடும் இருந்தால் பல நிலங்களில் கோல்ட்டர் தேவையில்லை.

களிமண்ணில் அது கெடுதலும் செய்யும். ஈரமாக இருந்தால் மண் அலைத்தகட்டில் ஒட்டி வெளியே எறியப்படும், சாலை மூட மண் மிஞ்சாது. விதை ஆழத்தைவிடக் கீழே கோல்ட்டர் போனால் இன்னும் மோசம், விதைக்கு அடியில் வெற்றிடம் உண்டாகும். அதோடு நான்கு கோல்ட்டரையும் மண்ணில் இறக்க ஆகிற எடை, டிஸ்க்குக்குக் கிடைக்க வேண்டிய எடையிலிருந்துதான் போகிறது. வைத்தே ஆக வேண்டும் என்றால், விதை ஆழத்துக்கு ஒரு செ.மீ.யாவது மேலே நிறுத்துங்கள்.

கோல்ட்டருக்குச் செலவழிக்கும் காசை வரிசையின் தாள் ஒதுக்கும் பல்சக்கரங்களுக்குக் கொடுக்கலாம். அதிலும் நிதானம் வேண்டும். அது தாளை ஒதுக்கினால் போதும், மண்ணைத் தொடக் கூடாது. ஓடும்போது சக்கரம் சில இடத்தில் சுற்றி, சில இடத்தில் நின்று, மறுபடி சுற்றினால் உயரம் சரி. விடாமல் சுற்றிக்கொண்டே வந்தால் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். அப்படி ஓட்டினால் வரிசை வாய்க்காலாக மாறும், மழை வந்தால் தண்ணீர் அதிலேயே ஓடி விதையைக் கிளப்பும்.

#8 இருசக்கர_டிராக்டர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் 50 குதிரைத்திறன் பற்றிப் பேசுகிறீர்கள். என்னிடம் இருப்பது கையால் பிடித்து ஓட்டும் இருசக்கர டிராக்டர். என்னைப் போன்றவர்களுக்கு உழாத விதைப்பு எட்டாதா?

#9 தாள்மேல்_விதை

தாராளமாக எட்டும். பிரேசிலில் சிறு விவசாயிகள் இதைக் கையால் குத்தி விதைக்கும் கருவியிலும், மாடு இழுக்கும் ஒற்றை வரிசைக் கருவியிலும்தான் செய்தார்கள். குத்தும் கருவிக்கு அங்கே ‘மத்ராக்கா’ என்று பெயர். இரண்டு கைப்பிடிகளை விரித்து மண்ணில் குத்தி, சேர்த்தால் விதை விழும். மக்காச்சோளம், பயறு வகைகளுக்கு நன்றாக உதவும். மூடாக்குப் பயிரைப் படுக்கவைக்க, கத்திகள் வைத்த உருளையை மாட்டில் பூட்டி இழுத்தார்கள்.

இருசக்கர டிராக்டருக்கு ஒன்று அல்லது இரண்டு வரிசை டைன் கருவிகள் உண்டு. எடை குறைவான வண்டி என்பதால் டிஸ்க் உங்களுக்குச் சரிவராது, கெட்டி மண்ணில் இறங்காது. குறுகலான கொழு, வரிசை இடைவெளி அதிகமுள்ள பயிர், அதிகம் வைக்கோல் இல்லாத வயல் என்று தொடங்குங்கள். மண் சற்று ஈரமாக இருக்கும்போது ஓட்டினால் இழுவை குறையும்.

#10 களிமண்_வயல்

பிளாண்டர் பக்கம் மனம் சாய்கிறது. மக்காச்சோளத்துக்கு வரிசையும் இடைவெளியும் துல்லியமாக வேண்டும், கோதுமைக்குப் பக்கத்தில் ஒரு டிரில் வாடகைக்குக் கிடைக்கும்.

அழுத்தம் எவ்வளவு வைப்பது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. வரிசைப் பகுதியை மண்ணில் அழுத்தும் ஸ்பிரிங்கில் நான்கு நிலைகள் இருக்கின்றன. களிமண் என்பதால் கடைசி நிலையில் வைத்துவிடலாமா?

#11 விதைப்பெட்டி

வேண்டாம். இந்த ஒரு கேள்விக்காக நேரம் ஒதுக்கி எழுதுகிறேன், ஏனென்றால் முளைப்பு இங்கேதான் தீர்மானமாகிறது.

அழுத்தம் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: டிஸ்க்கை நாம் வைத்த ஆழத்துக்கு இறக்கி, ஆழச் சக்கரம் தரையைவிட்டு எழாமல் பார்த்துக்கொள்வது. அதற்குமேல் கொடுக்கும் ஒவ்வொரு கிலோவும் ஆழச் சக்கரம் வழியாக விதைக்கு இரண்டு பக்கமும் மண்ணை இறுக்கும். ஈரக் களிமண்ணில் சாலின் சுவர் மெழுகினமாதிரி பளபளப்பாகிவிடும். வேர் அந்தச் சுவரைத் துளைக்க முடியாமல் சாலின் நீளவாக்கிலேயே ஓடும். மண் காயும்போது ஆப்பு வடிவச் சால் வாய் பிளந்துகொள்ளும், உள்ளே விதை தெரியும்.

சோதனை எளிது. வயலில் சற்று தூரம் விதைத்து, கருவியைத் தூக்காமல் அப்படியே நிறுத்துங்கள். டிராக்டரை அணைத்துவிட்டுக் கீழிறங்கி ஆழச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் அழுத்தம் போதாது. அசையவே மறுத்தால் அதிகம். தம் கட்டித் தள்ளினால் வழுக்கிச் சுற்றுகிற நிலைதான் வேண்டியது. நான்கு வரிசையிலும் பாருங்கள், டிராக்டர் சக்கரத் தடத்தில் வரும் வரிசைக்கு மற்றதைவிடக் கூடுதல் தேவைப்படும்.

ஸ்பிரிங்கைக் கூட்டிக்கொண்டே போனால் இன்னொன்று நடக்கும். ஸ்பிரிங் புதிய எடையை உண்டாக்குவதில்லை, சட்டத்தின் எடையைத்தான் வரிசைக்கு மாற்றிக்கொடுக்கிறது. சட்டம் லேசானது என்றால் சட்டமே மேலே எழும். உங்கள் கருவியில் விதைத்தட்டைச் சுற்றுவது தரைச் சக்கரம் என்றால், அது தரையில் வழுக்கும், விதை விட்டுவிட்டு விழும். அப்போது ஸ்பிரிங்கைத் தொடாமல் சட்டத்தில் எடை ஏற்றுங்கள். விதைப்பெட்டி காலியாகும்போது எடை குறைவதும் கணக்கில் இருக்கட்டும். நிறைந்த பெட்டியில் பார்த்த சோதனையைக் கால் பெட்டியிலும் ஒரு முறை பாருங்கள்.

ஆழம்: மக்காச்சோளத்துக்கு 5 செ.மீ. வையுங்கள், 4-க்குக் குறையவே விடாதீர்கள். பயிரைத் தாங்கும் நிலைவேர்கள் மண்மட்டத்துக்குக் கீழே சுமார் 2 செ.மீ.யில்தான் கிளம்பும். விதை மேலாக விழுந்தால் அந்த வேர்கள் காய்ந்த மண்ணில் தொடங்கி, காற்றடித்தால் பயிர் சாயும். அளக்கும்போது மேலே கிடக்கும் தாளைச் சேர்த்து அளக்காதீர்கள். தாளை விலக்கி, மண்மட்டத்திலிருந்து விதை வரை.

#12 பட்டறை

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சட்டத்தின் உயரம் தவறாக இருந்தால் இந்தச் சோதனை எல்லாம் வீண். கருவி வேலை செய்யும் நிலையில், வயலில், இணைக்கைகள் தரைக்கு ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும். பல பிளாண்டர்களில் சட்டம் தரையிலிருந்து 50 செ.மீ. அளவில் நிற்கும்போது அப்படி வரும், உங்கள் கையேட்டைப் பாருங்கள். டிராக்டரோடு பிணைக்கும் மேல் இணைப்புக் கம்பியின் நீளத்தைக் குறைத்துக் கருவியின் மூக்கு தாழ்ந்து போனால், பின்னால் மூடும் சக்கரம் தரையை அழுத்தாது. களத்தில் சமமாக வைத்தேன் என்று பலர் சொல்வார்கள். வயலில் டிராக்டர் சக்கரம் பதிந்தபின் பார்ப்பதுதான் கணக்கு.

#13 மேட்டுநிலம்

மூடும் சக்கரத்தைப் பற்றியும் கேட்டவருக்குச் சொல்லிவிடலாம். வழவழப்பான ரப்பர்ச் சக்கரங்கள் உழுத நிலத்துக்கென்று வந்தவை. ஈரக் களிமண்ணில் அவை சாலின் மேல்வாயை அமுக்கும், சுவரை உடைக்காது. முள் வைத்த சக்கரம் சுவரை உடைத்து விதைமேல் தூளாகத் தள்ளும். ஆனால் உங்கள் மணற்பாங்கான துண்டில் இரண்டு பக்கமும் முள் வைத்தால் அது ஆழமாக இறங்கி விதையையே கிளறிவிடும். ஒரு பக்கம் முள், ஒரு பக்கம் ரப்பர் என்று வைத்தால் இரண்டு மண்ணுக்கும் ஓடும். டைன் பக்கம் நிற்பவன் சொல்கிறேன், பிளாண்டரில் நான் காசு செலவழித்தால் முதலில் இதற்குத்தான் செலவழிப்பேன்.

#14 உரக்குழி

உரத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். கோதுமை வைக்கோலில் கரிமம் தழைச்சத்தைப் போல 80 மடங்கு அளவில் இருக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் உழவை நிறுத்திய தொடக்க ஆண்டுகளில் இளம்பயிர் வெளிறி நிற்பது சகஜம். பிளாண்டரில் உர அமைப்பு இருந்தால், விதைக்குப் பக்கவாட்டில் 5 செ.மீ., கீழே 5 செ.மீ. தள்ளிக் கொஞ்சம் தழைச்சத்து கொடுங்கள். இதற்கு உரத்துக்கெனத் தனி டிஸ்க் வேண்டும், அதுவும் எடை கேட்கும்.

விதையோடு ஒரே சாலில் உரம் போடுவதாக இருந்தால் எச்சரிக்கை. 75 செ.மீ. வரிசை மக்காச்சோளத்தில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் சேர்ந்து ஹெக்டேருக்குச் சுமார் 10 கிலோவைத் தாண்டக் கூடாது, மணலில் அதற்கும் குறைவு. யூரியாவை விதை தொடும்படி போடவே கூடாது. மேலே தாளின்மீது தூவுவதும் வீண். தாளில் உள்ள நொதி யூரியாவைச் சீக்கிரம் சிதைத்து அமோனியாவாகக் காற்றில் விட்டுவிடும். உடனே மழையோ பாசனமோ இருந்தால் மட்டும் பரவாயில்லை.

#15 வரப்பு

நான் நீண்ட காலமாக வாசிப்பவன் மட்டும். ஒரு கேள்வி. வயலில் பழைய உழவுத் தடங்களும் மேடுபள்ளங்களும் இருக்கின்றன, கீழே கலப்பை ஓடிய கடினத்தளமும் இருக்கிறது. அதன்மேலேயே உழாத விதைப்பைத் தொடங்கலாமா?

#16 தாள்மேல்_விதை

நல்ல கேள்வி, களிமண்_வயல் தம்பிக்கும் இது தேவை. கடினத்தளம் இருந்தால் தொடங்குமுன் ஒரு முறை, மண் காய்ந்திருக்கும்போது, ஆழக் கீறி உடைத்துவிடுங்கள். ஈரத்தில் கீறினால் உடையாது, கொழு போன தடம் மட்டும்தான் மிஞ்சும். மேடுபள்ளத்தையும் அப்போதே சமன் செய்யுங்கள். பிறகு கலப்பை வராது, எனவே இன்று விடும் பள்ளம் அப்படியே இருக்கும், அதன்மேல் கருவி துள்ளும்போதெல்லாம் ஆழம் மாறும். உடைத்தபின் ஆழமாக வேர்விடும் ஒரு பயிரைப் போட்டு அந்த வெடிப்புகளை வேரால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப்பின் மண்ணை இறுகவைப்பது வண்டிதான். ஈர வயலில் தானிய வண்டியை ஏற்றாதீர்கள், டிராக்டரை எப்போதும் அதே தடத்தில் ஓட்டப் பழகுங்கள்.

1962-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஹாரி யங் என்ற விவசாயி ஒரு ஏக்கருக்கும் குறைவான துண்டில்தான் முதலில் உழாமல் விதைத்துப் பார்த்தார். பிரேசிலில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் 1972-ல் வெளிநாட்டுப் பிளாண்டரை வரவழைத்துத் தொடங்கினார், மழையில் மண் அரித்துப் போவதைப் பொறுக்க முடியாமல். இன்று அந்த நாட்டில் கோடிக்கணக்கான ஏக்கர் இப்படித்தான் விதைக்கப்படுகிறது. நீங்களும் முழு நிலத்தையும் முதல் பருவத்திலேயே மாற்ற வேண்டியதில்லை. பதர் நன்றாகப் பரவிய, தண்ணீர் தேங்காத ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள்.

#17 களிமண்_வயல்

பிளாண்டரைப் போய்ப் பார்த்துவந்தேன். பட்டறை ஐயா சொன்னபடியே அட்டை செருகிப் பார்த்தேன். மூன்று வரிசை சரியாக இருந்தது, ஒன்றில் தொடுகையே இல்லை. புஷ் இரண்டு இடத்தில் ஆடுகிறது. அதைக் காட்டிப் பேசியதில் விற்பவர் டிஸ்க்கும் புஷ்ஷும் மாற்றித் தர ஒப்புக்கொண்டார். கோல்ட்டரைக் கழற்றிவிடுகிறேன், ஒரு பக்கம் முள் சக்கரம் போடுகிறேன்.

இரண்டு சந்தேகம் மிச்சம். வாடகைக்கு எடுக்கும் டிரில்லில் கோதுமை எவ்வளவு விழுகிறது என்று எப்படி அளப்பது? பிளாண்டரை முதல் நாள் எந்த வேகத்தில் ஓட்டுவது?

#18 விதைப்பெட்டி

டிரில்லுக்கு: கருவியைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு குழாய்க்கும் கீழே ஒரு பை கட்டி, தரைச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உங்கள் ஒன்பது வரிசை, 20 செ.மீ. இடைவெளி என்றால் அகலம் 1.8 மீட்டர். சக்கரச் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 25 சுற்றுக்கு 90 சதுர மீட்டர் விதைத்ததாகக் கணக்கு. பைகளில் 900 கிராம் விழுந்திருந்தால் ஹெக்டேருக்கு 100 கிலோ. மொத்தத்தை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு பையையும் தனியாக நிறுங்கள், ஒரு குழாயில் மட்டும் அடைப்பு இருந்தால் அப்போதுதான் தெரியும். வயலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கும் என்பதால் உண்மையில் சற்றுக் குறைவாகவே விழும். தாள் நிறைந்த நிலத்தில் வழுக்கல் இன்னும் அதிகம். பத்துச் சுற்றுக்கு வயலில் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து திருத்திக்கொள்ளுங்கள்.

பிளாண்டரை மணிக்கு 6 கி.மீ.யில் தொடங்குங்கள். வேகம் கூடினால் வரிசைப் பகுதி துள்ளும், முதலில் கெடுவது ஆழம். மண் 5 செ.மீ. ஆழத்தில் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் மக்காச்சோளத்துக்குக் காத்திருங்கள். தாள் மூடிய மண் உழுத மண்ணைவிடத் தாமதமாகத்தான் சூடாகும். குளிர்ந்த பருவம் உள்ள இடங்களில் பக்கத்து வயலைப் பார்த்து விதைக்க இறங்கக் கூடாது.

#19 பட்டறை

டிராக்டரில் ஒரு கத்தி, ஒரு அளவுகோல், ஒரு சின்னத் தோட்டக் கரண்டி எடுத்துப்போங்கள். முதல் ஐம்பது மீட்டர் விதைத்ததும் நிறுத்தி, நான்கு வரிசையிலும் ஒவ்வோர் இடத்தில் தோண்டுங்கள். சாலின் குறுக்காக மண்ணை வெட்டிப் பார்த்தால் விதை எங்கே உட்கார்ந்திருக்கிறது, வைக்கோல் மடிந்திருக்கிறதா, சுவர் பளபளக்கிறதா என்று மூன்றும் ஒரே வெட்டில் தெரியும். மண் வகை மாறும் இடத்தில், குறிப்பாக உங்கள் மணல் துண்டு தொடங்கும் இடத்தில், மறுபடி தோண்டுங்கள். மதியம் வெயில் ஏறியபின் இன்னொரு முறை.

சுவர் பளபளத்தால் ஸ்பிரிங்கை ஒரு நிலை குறைத்துப் பாருங்கள். குறைத்தும் பளபளத்தால் அன்றைக்குக் கருவியைக் களத்துக்குக் கொண்டுபோய்விட்டு, மண் பதம் வந்தபின் இறங்குங்கள். புஷ் மாற்றி வந்ததும் எல்லா நட்டுகளையும் ஒரு முறை இறுக்கிக்கொள்ளுங்கள், முதல் வயல் முடிந்ததும் இன்னொரு முறை.